தன் கையால் எழுத வேண்டிய வரி

அத்தியாயம் 17

போன வாரம் மீரிம், வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போக நீலச் சட்டையைத் துவைத்து முற்றத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். சட்டை காய்ந்துவிட்டது. அதை எடுத்து மடிப்பதற்குள், புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்கு அவள் கணவன் குபாத்தின் போன் அடித்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், கிர்கிஸ்தானில் இருக்கிற கொச்கோரிலிருந்து மீரிமின் அண்ணன் எர்மெக்.

"மாப்பிள்ளை, அவ பக்கத்துல இருக்காளா?"

குபாத் செருப்பில்லாமல் முற்றத்துக்கு வந்தான். சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. இல்லை, சொல்லுங்கள் என்றான்.

"அத்தா போயிட்டாரு. நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாரு. பாய்லருக்குக் கரி போட நேரமாச்சுன்னாரு. அவ்வளவுதான்."

மீரிமின் தந்தை ஓரோஸ்பேக், கொச்கோர் பள்ளிக்கூடத்தின் பாய்லருக்கு இருபத்தாறு வருடம் கரி போட்டவர். இப்போது செப்டம்பர். பாய்லர் பற்றவைக்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது.

கூடாரம் கட்ட ஆள் வந்துவிட்டது, நாளை மதியத் தொழுகை முடிந்ததும் எடுக்கிறோம் என்றான் எர்மெக். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளிடம் மூச்சு விடக்கூடாது என்றான். லேசாக முடியவில்லை என்று மட்டும் சொல்லிக் கூட்டி வர வேண்டும். வாசலில் சித்தப்பா சொல்லுவார்.

கிர்கிஸ் குடும்பங்களில் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள். மனிதர்கள் கூடி நின்று, வயதில் மூத்த ஒருவர் வாயால்தான் சொல்ல வேண்டும். கேட்கிறவள் தனியாக இருக்கும்போது அது அவள் காதில் விழக் கூடாது. விழுந்த மறுகணம் அவளோடு சேர்ந்து அழ நாலு பேர் வேண்டும்.

குபாத்துக்கு அது தெரியாததில்லை. ஆனால் 'லேசாக முடியவில்லை' என்ற வார்த்தை இந்த வீட்டில் இனி செல்லாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

போன வருடம் மார்ச்சில் இதே எர்மெக் இதே வார்த்தையைச் சொன்னான். மீரிம் தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள். இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? வாடகைக் காரில் எட்டு மணி நேரம், முன்பின் தெரியாத மூன்று பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். வீட்டில் ஓரோஸ்பேக் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கு சிந்திக்கொண்டிருந்தார். உண்மையிலேயே லேசாகத்தான் முடியவில்லை. அண்ணன் முதல்முறையாக நிஜத்தைச் சொன்னான், நான்தான் நம்பவில்லை என்று சொல்லிச் சொல்லி மீரிம் சந்தைப் பெண்கள் எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

இந்த முறை அவள் கிளம்ப மாட்டாள். அவளைக் கிளப்பவும் கூடாது. அங்கேதான் சிக்கல்.

மீரிம் வேலை பார்த்த தையல் பட்டறை கோடையில் மூடிவிட்டது. அந்த ஒப்பந்தத்தோடு கஸாக்ஸ்தானில், இந்த அல்மாட்டி நகரத்தில், அவள் தங்குவதற்கான அனுமதியும் முடிந்துபோனது. அது அவளுக்குத் தெரியவந்தபோது முப்பத்தெட்டு நாள் கடந்திருந்தது. புதிய பட்டறை ஒன்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நீதிபதி முன்னால் நின்றால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தாள். அதற்கு முன் எல்லையைக் கடந்தால் தப்பி ஓடியதாகக் கணக்கு. ஐந்து வருடம் திரும்பி வர முடியாது.

குபாத்துக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்கிறது, டைல்ஸ் வேலையும் இங்கே. மகள் அய்தாய் முதல் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

நாளை மதியம் ஒரு மணிக்கு மண் போட்டுவிடுவார்கள்.

*

சமையலறையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. குபாத்தின் அக்கா ஸூராகான் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். வியாழன்தோறும் வீட்டில் செத்தவர்களுக்கு அந்த எண்ணெய் வாசனைதான் படையல். அரை மணி நேரத்துக்கு முன்தான் குபாத் அவள் காதில் விஷயத்தைப் போட்டிருந்தான். கேட்டதும் அவள் மாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

மீரிம் தலையைச் சீவிக்கொண்டே உள்ளே வந்தாள். ஸூராகானை அவள் எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"எஜே, என்ன இன்னிக்கு? நாளைக்குத்தானே வியாழன். செத்தவங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே பசிச்சிருச்சா?"

"மாவு மிச்சம் இருந்துச்சு," என்றாள் ஸூராகான், வாணலியைப் பார்த்தபடி.

மீரிம் சூடாக ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை அய்தாயின் பையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை நீதிபதி முன்னால் கஸாக்கில் பேசுவதா ரஷ்யனில் பேசுவதா என்று கேட்டாள். அதற்கும் பதில் வராததால், இந்த வீட்டில் காலையில் யாருக்கும் நாக்கே முளைப்பதில்லை என்று சொல்லிவிட்டு மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினாள்.

கதவு சாத்தியதும் ஸூராகான் அடுப்பை அணைத்தாள்.

"வெள்ளிக்கிழமை முடியட்டும்," என்றாள். "சனிக்கிழமை சொல்லிக்கலாம். போனவர் திரும்பி வரப் போறதில்ல. காகிதம் போனா அதுவும் திரும்பி வராது."

"எப்படிக்கா? முகத்தைப் பார்க்க வேணாமா அவ?"

"எங்கிட்ட ஒன்பதாம் நாள் சொன்னாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

குபாத் சுவரைப் பார்த்தான். பதினோரு வருடம் முன்பு அவர்கள் அம்மா இறந்தபோது ஸூராகான் இங்கே இருந்தாள், இதேபோல் ஒரு காகிதத்துக்குக் காத்துக்கொண்டு. குபாத் அப்போது பத்தொன்பது வயதுப் பையன், ஊரில் இருந்தான். அம்மாவிடம் போனைக் கொடு என்று ஸூராகான் தினமும் கேட்பாள். அம்மா தூங்குகிறாள், அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறாள், அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஒன்பது நாளும் போனை எடுத்துப் பொய் சொன்னவன் அவன்தான். பெரியவர்கள் சொல்லச் சொன்னார்கள், சொன்னான்.

அக்கா அதைப் பற்றி ஒருநாளும் அவனிடம் பேசியதில்லை.

"உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?" என்றாள் இப்போது.

"இல்ல."

"அவளும் கேக்க மாட்டா. பழகிடும்."

சொல்லிவிட்டு வாணலியை எடுத்தாள். எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பிடிதுணி இல்லாமல் வெறும் கையால் எடுத்துவிட்டாள். சுட்டதும் கீழே வைக்காமல், மேடை வரைக்கும் கொண்டுபோய் மெல்ல வைத்துவிட்டுத்தான் விரல்களைத் தண்ணீரில் நனைத்தாள். முகம் மாறவே இல்லை.

குபாத் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

*

வக்கீல் ரவுஷானின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. கஸாக் பெண், நாற்பது வயதிருக்கும், எப்போதும் இரண்டு போன்கள் வைத்திருப்பாள். குபாத் சொன்னதைக் கேட்டதும் இரண்டையும் கவிழ்த்து வைத்தாள். அல்லா அவருக்கு நல்ல இடம் கொடுக்கட்டும் என்று இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள்.

வழி இருக்கிறது என்றாள். நெருங்கிய உறவில் சாவு என்றால் குடியேற்ற அலுவலகத்தில் அன்றைக்கே ஒரு சீட்டு கொடுப்பார்கள். போய்விட்டு வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஊர் மன்றத்திலிருந்து இறப்புத் தாளின் படம் ஒன்று போனில் வந்தால் போதும். இங்கே நிரந்தரமாக இருக்கிற ஒருவர் உத்தரவாதம் போட வேண்டும். அவள் திரும்பி வரும்வரை அவர் நாட்டை விட்டு நகரக் கூடாது.

"அது நான்தான் போடணும்," என்றான் குபாத். மாமனார் சாவுக்கு மருமகன் போகாமலிருப்பது எத்தனை வருடப் பேச்சு என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் தயங்கவில்லை. சீட்டை அவனே போய் வாங்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டான். அவளிடம் சாவைச் சொல்லாமலே, எல்லையில் அவள் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்கானது என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

ரவுஷான் ஒரு வெற்றுப் படிவத்தை அவன் பக்கம் திருப்பினாள். நடுவில் ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தது.

"காரணத்தை விண்ணப்பிக்கிறவங்க அதிகாரிக்கு எதிர்ல உட்கார்ந்து, தன் கையால எழுதணும் தம்பி. நானும் எழுத முடியாது. நீங்களும் எழுத முடியாது."

குபாத் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஜன்னல் மூணு மணிக்கு மூடிடும்," என்றாள் அவள். குரலில் அவசரம் காட்டாமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

குபாத் படிக்கட்டில் நின்று எர்மெக்கைப் போனில் கூப்பிட்டான். பின்னால் ஆட்கள் கம்பம் நடும் சத்தம் கேட்டது. எர்மெக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினான். நடுரோட்டில் நிற்கவைத்துச் சொல்லுவாயா, சொந்தம் என்று ஒரு ஆள் இல்லாமல், ஒரு ஆபீசில், யாரோ ஒருத்தன் முன்னால்? அவள் என்ன நாதியற்றவளா? உன் காலை உடைத்துவிடுவேன் என்றான்.

குபாத் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்:

"அண்ணே, சொல்லாம கூட்டிட்டு வந்தா எல்லையில எழுதிடுவாங்க, அஞ்சு வருஷம் அய்தாயைப் பார்க்க முடியாது. சொல்லாம இங்கயே வச்சிருந்தா அத்தா முகத்தைப் பார்க்க முடியாது. ரெண்டுல எதைன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் அப்படியே செய்யறேன்."

கம்பம் அடிக்கிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி எர்மெக் அந்தப் பக்கம் அதட்டினான்.

"எங்க வழி ஆள் ஒருத்தராவது இருக்கணும்," என்றான் எர்மெக் கடைசியில். "சந்தையில அசான்பாய்னு ஒருத்தர் இருக்காரு. சுமைக்காரங்களுக்குத் தலைவர். எங்க தாத்தாவும் அவர் தாத்தாவும் பங்காளிங்க. அவரு வாயால வரணும். தண்ணி வச்சிருங்க. அவளை உட்காரவச்சிட்டுச் சொல்லுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "பொம்பளைங்க யாராவது இருக்கட்டும்," என்றும் சொன்னான்.

*

மீரிமைக் கிளப்புவது கஷ்டமாக இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு கையெழுத்து வேண்டுமாம், வக்கீல் கூப்பிடுகிறாள் என்று சொன்னதும், நல்ல சகுனம் என்று நீலச் சட்டையையே போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். காலையில் அத்தாவுக்கு இரண்டு முறை போன் போட்டாளாம். எடுக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை பேசியபோது போன் காதில் சரியாகக் கேட்பதில்லை என்றாராம். காது கேட்கவில்லையா, போன் கேட்கவில்லையா என்று இவள் கேட்டதற்கு, இரண்டும் ஒரே வருடத்தில் வாங்கியது என்றாராம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சனிக்கிழமை காகிதம் கையில் வந்ததும் நேராக ஊருக்குப் போய்ப் பழைய போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள். நாலு நாளாவது தூங்குவாள்.

"நீங்க ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் திடீரென்று.

"ராத்திரி தூக்கம் இல்ல."

"வெள்ளிக்கிழமை எனக்குத்தான், உங்களுக்கில்ல. என்னைவிட நீங்கதான் பயப்படறீங்க."

குபாத் அவள் கையைப் பிடித்தான். பஸ்ஸில் இப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை அவன். அவள் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பிறகு அவளாகவே திரும்பக் கொடுத்தாள்.

குடியேற்ற அலுவலகத்தின் நடைக்கூடத்தில் வலது பக்கம் ஒரு நீண்ட பெஞ்சு. அதன் அருகில் அவர்கள் நின்றிருந்தார்கள்.

மொத்தம் ஒன்பது பேர். வெள்ளைத் தொப்பி வைத்த ஆறு ஆண்கள். அவர்களில் உயரமாக, முதுகு சற்றே கூனி, அசான்பாய். தையல் பட்டறைத் தோழிகள் இரண்டு பேர், விரல்களில் நூல்கூட ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் பின்னால், சுட்ட விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸூராகான். அவளை யாரும் கூப்பிடவில்லை.

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குச் சந்தை ஆட்கள் வண்டியை விட்டுவிட்டு எங்கேயும் போக மாட்டார்கள்.

மீரிம் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் குபாத்தின் முகத்துக்கு வந்தாள்.

"உட்காரும்மா," என்றார் அசான்பாய்.

அவள் உட்காரவில்லை. தோழிகள் இருவரும் வந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருத்தி தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். மீரிமின் பற்களில் கண்ணாடி தட்டுவது எல்லோருக்கும் கேட்டது.

அசான்பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நாற்பது வருடம் மூட்டை தூக்கிய மனிதர், பேச்சு அவருக்கு வராது.

"பெரியவங்க சின்னவங்க எல்லாரும் போற வழிதாம்மா. ஓரோஸ்பேக் இன்னிக்கு விடியக்காலையில நமக்கெல்லாம் முன்னாடி கிளம்பிட்டாரு. நல்ல சாவு. யாருக்கும் பாரமா இருக்கல. நீ எங்க பொண்ணு. தனியா இருக்கேன்னு நினைக்காதே."

ஆண்கள் ஆறு பேரும் முகத்தை மூடிக்கொண்டு, உரக்க, ஒரே குரலில் அழுதார்கள். அரசாங்க அலுவலகத்தின் வழவழத் தரையில் அந்தச் சத்தம் ஓடியது. எண் அட்டையோடு வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு உஸ்பெக் கிழவர் எழுந்து வந்து, யார் என்ன என்று கேட்காமல், பக்கத்தில் நின்று துஆவுக்குக் கையேந்தினார். காவலாளி அதட்ட வந்தவன் பாதியில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

மீரிம் அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அழுதது ஸூராகான்.

சுவரைப் பார்த்துத் திரும்பி, இடுப்பில் கை வைத்து, பெண்கள் கூடாரத்துக்குள் பாடுவதுபோல் ஒப்பாரி எடுத்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவளே, தொண்டை கட்டிப் போனவளே, ஒன்பது நாள் தூங்கினவளே, உன் மகள் வரும்வரை எழாதவளே என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஓரோஸ்பேக்குக்கான ஒப்பாரி இல்லை அது என்பது அங்கே குபாத்துக்கு மட்டும்தான் தெரியும். அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டரை மணிக்கு ரவுஷான் வந்து, மெல்ல மீரிமின் முழங்கையைத் தொட்டாள்.

*

ஏழாம் ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண், உதட்டுச்சாயம், சீருடை. இறப்புத் தாளின் படத்தைப் பார்த்தாள், குபாத்தின் உத்தரவாதத்தைப் பார்த்தாள், படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

மீரிம் எழுதினாள். எழுத்து நன்றாகவே வந்தது, பள்ளியில் எழுதுவதுபோல். எழுதி முடித்துத் தள்ளினாள்.

அதிகாரி படித்தாள். மறுபடி படித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உடம்பு சரியில்லைங்கற காரணத்துக்குச் சீட்டு கிடையாது."

குபாத் எட்டிப் பார்த்தான். அந்த ஒற்றை வரியில் மீரிம் எழுதியிருந்தாள்: *என் தந்தைக்கு லேசாக உடம்பு சரியில்லை. நான் போக வேண்டும்.*

"மீரிம்," என்றான்.

அவள் தாளைப் பார்த்தாள், வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல். அதிகாரியின் பார்வை கடிகாரத்துக்குப் போனது, பிறகு நடைக்கூடத்தில் நின்ற தொப்பிகளுக்குப் போனது. ஒரு படிவத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று பலகையே மாட்டியிருந்தார்கள். அவள் இழுப்பறையைத் திறந்து இன்னொன்றை எடுத்து, ஜன்னலுக்கு அடியில் தள்ளினாள்.

"மெதுவா எழுதுங்கக்கா," என்றாள். "நான் மூடமாட்டேன்."

மூன்று மணி தாண்டியது. பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மீரிம் 'என் தந்தை' என்று எழுதினாள். பெயரை எழுதினாள், தாத்தாவின் பெயரையும் சேர்த்து, பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல். அதற்குப் பிறகு பேனா நின்றது. நீலப் புள்ளி ஒன்று தாளில் பெரிதாகிக்கொண்டே போனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அந்தச் சொல்லை எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்தாள். பேனாவை மூடி அதிகாரியிடம் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் அவள் அழுதது. ஜன்னல் விளிம்பில் நெற்றியை வைத்து, அத்தா, அத்தா என்று, மிகச் சின்னக் குரலில்.

சீட்டு இரண்டு பாதியாக வந்தது. போகும்போது எல்லையில் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். மற்றதைக் காட்டினால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள்.

*

அய்தாயைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து பார்த்துக்கொள்ள ஸூராகான் வீட்டுக்குப் போனாள். அசான்பாய் பிடித்துக் கொடுத்த காரில் எல்லைக்கு மூன்று மணி நேரப் பயணம். மீரிம் பின்சீட்டில், தோழி போர்த்திவிட்ட கறுப்புத் துணிக்குள் இருந்தாள். புல்வெளி மஞ்சளாக ஓடிக்கொண்டே இருந்தது. மணி ஐந்தான பிறகு ஒரு தடவை கேட்டாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஆறேகால்."

"காலையில?"

"ஆமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மனதுக்குள் காலையிலிருந்து பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள் என்பது குபாத்துக்குப் புரிந்தது. எண்ணெய் வாசனை, நீலச் சட்டை, பஸ்ஸில் சிரித்தது. அவனும் அதைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லையில் கூட்டம் குறைவாக இருந்தது. ஆற்றுப் பாலத்தை நடந்து கடக்க வேண்டும். அந்தக் கரையில் எர்மெக்கின் கார் நிற்கும். சாவடியில் இருந்தவன் முதல் பாதியைக் கிழித்துக்கொண்டு முத்திரை குத்தினான். அஞ்சியதுபோல் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு கேள்விகூட இல்லை. தரையில் வரைந்திருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் குபாத் நின்றான். அதற்கு மேல் அவன் போகக் கூடாது.

பையை நீட்டினான். அய்தாய் நாளைக்கு அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டான். மீரிம் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் கிளம்பினாத்தான் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர முடியும்," என்றான். "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவரே கொண்டுவந்து விடறேன்னாரு."

"மண்ணு காயறதுக்குள்ள."

"மீரிம்."

"அம்மா அங்க தனியா உட்கார்ந்திருப்பா. ஏழு நாள் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அழணும். நான் பையைத் தூக்கிட்டு வந்துடணும்." அவள் குரல் உயரவில்லை. "இதையும் எனக்காக நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

பின்னால் ஒரு பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு, நகருங்கள் என்றாள்.

மீரிம் சீட்டின் மீதிப் பாதியை இரண்டாக மடித்து, அவன் சட்டைப்பையில் வைத்தாள். வைத்துவிட்டு அந்தப் பையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள், காலையில் வேலைக்குப் போகும்போது செய்வதுபோலவே.

"இது இல்லாம திரும்ப வர முடியாது," என்றான் அவன்.

"தெரியும்."

"மீரிம், அய்தாய்..."

"வேணும்னா நான் கேக்குறேன். பாலத்துக்கு எடுத்துட்டு வாங்க." அவன் முகத்தைப் பார்த்தாள். நடைக்கூடத்தில் பார்த்ததற்குப் பிறகு அவனை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான். "வேணாம்னாலும் நானே சொல்றேன். உங்க போனுக்கு. யாரையும் கூட்டிவச்சிட்டு இல்ல."

கறுப்புத் துணி பாலத்தில் ஏறியது. ஆறு கீழே பாறைகளுக்கு நடுவில் கொஞ்சமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முனையில் வெள்ளைத் தொப்பிகள் இரண்டு வேலியோரத்திலிருந்து விலகி முன்னால் வந்தன. அவர்களில் ஒருவன் எர்மெக், ஓட ஆரம்பித்தான். அவளை எட்டியதும் இரண்டு உருவங்களும் ஒன்றாகி, அப்படியே பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டன.

கோட்டை விட்டுக் காலை எடு என்று காவலன் குபாத்திடம் சொன்னான். இரண்டாவது முறையும் சொன்னான்.

குபாத் காலை எடுத்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்னும் நாற்பது மணி நேரம் இருந்தது. சட்டைப்பையிலிருந்த காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, வேலி ஓரமாகவே, பாலம் நன்றாகத் தெரிகிற ஓர் இடத்தைத் தேடி நடந்தான்.